ஒருமுறைக் கணிப்பொறிகளும் மென்பொருட் சோதனையும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், இன்று நம் துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர் எவரும் கணிப்பொறியின் துணையின்றி எழுதுவதில்லை. சொல்லடைவு தொகுப்பதும், பாடவேறுபாடு காண்பதும், நூற்பட்டியல் அமைப்பதும் அக்கருவியின் வேலையாகிவிட்டன. கருவி தமிழைத் தவறாக எண்ணினால் நம் ஆய்வும் தவறாகவே முடியும். அத்தவற்றைக் களைவதற்கு மென்பொருள் வல்லுநர்கள் கைக்கொள்ளும் முறை ஒன்றனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். ஒரே ஒருமுறை பயன்படுத்திவிட்டு அழித்துவிடத்தக்க கணிப்பொறிகளை உண்டாக்கி, அவற்றுள் மென்பொருளைத் தானாகவே சோதிக்கச் செய்யும் முறை அது.

கணிப்பொறியை அழிப்பதா, அதன் விலை என்ன ஆவது என்று அஞ்ச வேண்டுவதில்லை. அழிக்கப்படுவது இரும்பாலும் ஞெகிழியாலும் ஆகிய பொறி அன்று. மெய்யான கணிப்பொறி ஒன்றனுக்குள் மென்பொருளின் வலிமையால் எழுப்பப்படும் பொய்க் கணிப்பொறியே அழிகின்றது. இதனை ‘மெய்நிகர் கணிப்பொறி’ என்று இன்று வழங்குகின்றனர். மெய் அன்று, ஆயினும் மெய்யை நிகர்த்தது என்னும் பொருளில் அமைந்த இச்சொல்லாக்கம் ஆங்கிலச் சொல்லினும் தெளிவானது என்பது நம் கருத்து.

‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து?

மூன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று விடை கூறும். கணிப்பொறியைக் கேட்டால் விடை ஒன்றாய் இராது. ஒருங்குறி முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றும் தனிக்குறி பெறவில்லை. அகரம் ஏறிய மெய்க்கு ஒரு குறியும், அதனைச் சாரும் உயிர்க்குறிக்கு ஒரு குறியும், புள்ளிக்கு ஒரு குறியுமாக அமைந்துள்ளன. ஆகவே, ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகின்றது. இவ்வைந்தையும் யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் சேமிக்குங்கால், குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் 15 பைட்டுகள் ஆகின்றன. பைத்தான் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு, இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் இயல்பாக 15 என்று கூறும். மூன்றாம் பதிப்பு 5 என்று கூறும். இலக்கணமோ 3 என்று கூறுகின்றது. மூன்றும் தத்தம் அளவில் சரியே. ஆனால் யாப்பு ஆராயும் மாணவனுக்கு மூன்றாவது விடை ஒன்றே பயன்படும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி நெறி வகுத்துள்ளது. திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், அந்நெறியைக் கவனியாமல் எழுதப்பட்ட மென்பொருளுக்கு அவை இருவேறு சொற்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்திற்குச் சொல்லடைவு செய்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். இருவர் இருவேறு விசைப்பலகை மென்பொருள்களால் தட்டச்சுச் செய்திருப்பின், ‘கொடை’ என்னும் ஒரு சொல்லே அடைவில் ஈரிடத்தில் நிற்றல் கூடும். ஓரிடத்தைக் கண்ட ஆய்வாளர் மற்றோரிடத்தைக் காணாமலே எண்ணிக்கை கூறிவிடுவார். கண்ணால் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிக்க இயலாது என்பதே இதன் கொடுமை.

இத்தகைய குறைகளைப் போக்கும் பொருட்டு, ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை அவர்களும் அவர்தம் தோழர்களும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பினை உருவாக்கி, யாவரும் கட்டணமின்றிப் பயன்கொள்ளுமாறு வெளியிட்டனர். சொல்லை இலக்கண எழுத்துகளாகப் பிரித்துத் தருவது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. இங்கு நாம் கருத வேண்டுவது அத்தொகுப்பின் உள்ளடக்கத்தை மட்டுமன்று, அது சோதிக்கப்பட்ட முறையையும்தான். தொகுப்பில் நிரல்களோடு சோதனைகளும் எழுதி வைக்கப்பட்டுள்ளன. இன்ன சொல்லைக் கொடுத்தால் இன்ன விடை வருதல் வேண்டும் என்று வினாவும் விடையுமாக அமைந்தவை அவை. எவரேனும் நிரலில் ஒரு வரியைத் திருத்தி இணையத்தில் ஏற்றியவுடன், ‘டிராவிஸ் சி.ஐ.’ என்னும் சோதனைச் சேவை புதிய கணிப்பொறிச் சூழல் ஒன்றனை உண்டாக்கி, அதனுள் தொகுப்பை நிறுவி, சோதனைகள் அனைத்தையும் ஓட்டி, முடிவை அறிவித்துவிட்டு, அச்சூழலை அழித்துவிடும். பைத்தானின் பதிப்புகள் பலவற்றிற்கும் தனித்தனியே இவ்வாறு நிகழும். இரண்டாம் பதிப்பில் 15, மூன்றாம் பதிப்பில் 5 என்று அடிப்படையே மாறுபடும்போது, இரண்டிலும் 3 என்னும் விடையைப் பெற்றுத் தருவது எளிதன்று. ஒரு பதிப்புக்காகச் செய்த திருத்தம் மற்றொன்றைக் கெடுத்துவிடும். மனிதர் ஒருவர் ஒவ்வொரு திருத்தத்திற்கும் இவ்வளவையும் தம் கையால் சரிபார்த்தல் ஆகுமா?

தமிழ் எழுத்துகள் 247. ஓர் எழுத்தின் பின் மற்றோர் எழுத்து வரும் இணைகளை எல்லாம் கணக்கிட்டால் 61,009 ஆகும். மொழிமுதல் வாரா எழுத்துகள், மயங்கா மெய்கள் என்று நம் இலக்கணம் பலவற்றை விலக்கும் என்பது உண்மையே. ஆயினும் தட்டச்சுச் செய்பவர் விரல் இலக்கணத்திற்குக் கட்டுப்படுவதில்லை. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியாக வந்தடைந்த அளவிலேயே ஐபோனில் இயங்கிய மென்பொருள்கள் நிலைகுலைந்தன. ஆப்பிள் நிறுவனம் சில நாட்களில் திருத்தப் பதிப்பு வெளியிட நேர்ந்தது. உலகின் பெருநிறுவனங்களுள் ஒன்றே தென்னிந்திய எழுத்துச் சேர்க்கை ஒன்றில் இடறியது என்பது, தமிழுக்கான சோதனைகளைத் தமிழரே எழுத வேண்டியதன் தேவையைக் காட்டும்.

பால்சட்டியும் பழந்தயிரும்

சோதனைகளைத் தானே ஓட்டும் நிரல் இருந்தால் போதாதா, ஒவ்வொரு முறையும் புதிய கணிப்பொறி எதற்கு என்னும் ஐயம் இங்கு எழும். இதனை விளக்க அடுக்களைக்குச் செல்வோம். சட்டியை நன்கு கழுவாமல், அடியில் ஒட்டிய பழந்தயிரோடு புதுப்பாலை ஊற்றி வைத்தால் பால் திரிந்துவிடும். பால்காரரைக் குறை கூறுவோம். உண்மையில் பால் நல்லதே. சட்டியின் எச்சமே கெடுத்தது. இதற்கு மறுதலையாகத் தயிராகவே வேண்டும் என்று வைத்த பால், உறை ஊற்றாமலே தயிராயிற்றென்றால், உறை தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அயல்வீட்டார் நம் சொல்லை நம்பிச் செய்து பார்த்தால் அவர்கள் வீட்டில் தயிர் தோயாது. மென்பொருட் சோதனையில் இவ்விரண்டும் நாள்தோறும் நிகழ்கின்றன. இரண்டாவது வகையே மிக்க தீங்கானது.

விண்டோஸ் எக்ஸ்.பி. வழக்கிலிருந்த நாட்களில் தமிழர் பலரும் பட்ட பாட்டினை இங்கு நினைவுகூரலாம். ஒருங்குறித் தமிழ் அவ்வியங்குதளத்தில் செம்மையாகத் தோன்ற வேண்டுமாயின், சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளை நிறுவுமாறு அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் குறியிடுதல் வேண்டும். இயல்பாக அக்குறி இடப்பட்டிராது. தமிழ் மென்பொருள் செய்பவர் தம் கணிப்பொறியில் அதனை என்றோ இட்டிருப்பார். இட்டதையே மறந்தும் இருப்பார். அவர் திரையில் ‘கொ’ அழகாகத் தெரியும். அதே மென்பொருளைப் பெற்ற பள்ளியிலோ கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். எழுத்துரு இல்லாத பொறியில் வெறும் கட்டங்களே தோன்றும். “எங்கள் கணிப்பொறியில் சரியாகத்தானே இருக்கிறது” என்று அவர் கூறுவது பொய்யன்று. ஆனால் அம்மெய்யால் பயன் ஒன்றுமில்லை.

எக்ஸ்.பி. போயிற்று, இடர் போகவில்லை. பைத்தான் நிரல் ஒன்று தமிழ்க் கோப்பைத் திறக்குங்கால், அது எந்தக் குறிமுறையில் உள்ளது என்று நிரலர் குறிப்பிடாமல் விட்டாரென்று கொள்வோம். லினக்ஸில் பெரும்பாலும் யூ.டி.எஃப்.-8 என்றே கொள்ளப்படும். கோப்பு நன்கு திறக்கும். விண்டோஸிலோ அந்தந்தப் பொறியின் வட்டார அமைப்பையொட்டிப் பழைய குறிமுறை ஒன்று கொள்ளப்படுதல் உண்டு. அப்போது தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாகச் சிதறும், அல்லது நிரல் நின்றுவிடும். லினக்ஸிலுங்கூட, வட்டார அமைப்பு எதுவும் செய்யப்படாத புத்தம்புதிய பொறியில், பைத்தான் 3.7க்கு முந்திய பதிப்புகள் தமிழைத் திரையில் எழுத மறுத்ததுண்டு. நிரலரின் பழகிய கணிப்பொறியில் எந்நாளும் வெளிப்படாத பிழை, ஒன்றுமே அமைக்கப்படாத புதுப்பொறியில் முதல் நொடியிலேயே வெளிப்பட்டுவிடும். எச்சமற்ற கணிப்பொறியின் மதிப்பு இதுவே.

அப்படியாயின் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் கணிப்பொறியைக் கழுவித் தூய்மை செய்யலாமே எனின், முன்னாளில் அவ்வாறே செய்தனர். வன்தட்டை முற்றும் அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவினர். அல்லது முன்பே எடுத்து வைத்த தட்டுப்படியைத் திரும்ப ஏற்றினர். நாள் ஒன்றுக்குச் சில சோதனைகளே கைகூடின. பந்தியில் உண்டபின் இலையை மடித்து எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புது இலை இடுவதுபோல், கணிப்பொறியையே எறிந்துவிட முடிந்தால் கழுவும் வேலையே இல்லை அன்றோ!

பொய்க் கணிப்பொறியின் வரலாறு

இக்கருத்து புதியதென்று இளைஞர் பலர் கருதுகின்றனர். நம் பெற்றோர் தலைமுறைக்கும் முற்பட்டது இது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் நிலையத்தார், 1967ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘சி.பி.-40’ என்னும் அமைப்பைப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர். ஒரு பெருங்கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொருவருக்கும் தனியே ஒரு முழுக் கணிப்பொறி இருப்பது போன்ற தோற்றத்தை அது தந்தது. அவ்வழியில் வளர்ந்து 1972 ஆகஸ்டில் ‘வி.எம்./370’ என்னும் பெயரோடு விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. புதிய இயங்குதளத்தைச் சோதிப்பதற்காகப் பெரும்பொறியின் அன்றாட அலுவலை நிறுத்த வேண்டியிருந்த நிலையை அது மாற்றியது. அன்றாட வேலை ஒருபுறம் நடக்க, மறுபுறம் பொய்ப்பொறிக்குள் புதிய இயங்குதளம் எத்தனை முறை வீழ்ந்தாலும் எவருக்கும் இடையூறு இல்லை. ஆகவே, சோதனை என்பது இத்தொழில்நுட்பத்தின் பிற்காலப் பயன் அன்று. தொடக்க நாளிலிருந்தே உடன்வந்த பயனாகும்.

1974இல் பொபெக், கோல்ட்பர்க் ஆகிய இருவரும் மெய்நிகர் கணிப்பொறிக்கு இலக்கணம் வகுத்தனர். பொய்ப்பொறியில் ஓடும் நிரல் மெய்ப்பொறியில் ஓடுவது போன்றே நடத்தல் வேண்டும். பொறியின் வளங்கள் மேலாள்பவரின் பிடியை விட்டு அகலுதல் கூடாது. பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயலியில் ஓடுதல் வேண்டும். இம்மூன்றும் அவர்கள் கூறியவற்றின் சாரம். நம் மேசைகளில் அமர்ந்த இன்டெல் வகைச் செயலிகள் நெடுங்காலம் இவ்விலக்கணத்திற்குப் பொருந்தவில்லை. 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம், இடர் தரும் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்துவிடும் உத்தியால் அத்தடையைக் கடந்து, 1999இல் மேசைக் கணிப்பொறிக்கான மென்பொருளை வெளியிட்டது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் செயலியிலேயே இதற்குரிய வசதியைச் சேர்த்தன. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 பதிப்பில் ‘கே.வி.எம்.’ இணைந்தது. இவ்வசதி விலையின்றி எளியோர் கைக்கும் வருவதற்கு அதுவும் துணைசெய்தது.

எறிந்துவிடும் வித்தை

விண்டோஸோ லினக்ஸோ நிறுவிய மெய்நிகர் பொறியின் வன்தட்டு என்பது, மெய்ப்பொறியில் 10 அல்லது 20 ஜிகாபைட்டு அளவுள்ள ஒரு கோப்பு மட்டுமே. சோதனைதோறும் அதனைப் படியெடுத்தால் நேரமும் இடமும் வீணாகும். ஆகவே, படியெடுப்பதில்லை. நிலவரைபடத்தின்மேல் டிரேசிங் தாளைப் பரப்பி, அதன்மேல் எழுதுவதை ஒத்த உத்தி ஒன்றைக் கையாள்கின்றனர். அடியில் உள்ள மூலக்கோப்பைப் படிக்கலாம், ஆனால் அதில் எழுத இயலாது. எழுதுவன எல்லாம் மேலே பரப்பிய மெல்லிய கோப்பிலேயே பதியும். படிக்குங்கால், மேற்கோப்பில் எழுத்து இருப்பின் அதனையும், இல்லையெனின் அடிக்கோப்பையும் பொறி காணும். மேற்கோப்பு தொடக்கத்தில் சில நூறு கிலோபைட்டுகளே இருக்கும், நொடியில் உண்டாகும். சோதனை முடிந்ததும் அதனை நீக்கிவிட்டால், நிறுவிய மென்பொருள், மாற்றிய அமைப்பு, புகுந்த நச்சுநிரல் யாவும் அதனோடு ஒழியும். மூலத்தில் ஒரு கீறலும் இராது. ஒரே மூலத்தின்மேல் பத்துத் தாள்களைப் பரப்பிப் பத்துப் பொறிகளை ஒருசேர ஓட்டவும் தடையில்லை. ‘கியூ.இ.எம்.யூ.’ என்னும் கட்டற்ற மென்பொருளில் இவ்வசதி நெடுநாளாக உள்ளது.

இதனைச் சூழ்ந்து நிற்கும் நிரல்தான் சோதனைத் தலைவர் எனலாம். அது மேற்கோப்பை உண்டாக்கும்; பொறியை எழுப்பும்; பொறி விழித்துவிட்டதா என்று பார்த்துக் காத்திருக்கும்; சோதிக்க வேண்டிய மென்பொருளை உள்ளே அனுப்பி நிறுவச் செய்யும்; வினாக்களை ஓட்டும்; விடைகளைத் திரட்டும்; குறித்த நேரத்திற்குள் முடியாவிட்டால் பொறியைக் கட்டாயமாக நிறுத்தும். பொறியை அழிப்பதற்கு முன் உள்ளிருந்த பதிவேடுகளையும் திரைப்படிகளையும் வெளியே எடுத்துக்கொள்வது மிக இன்றியமையாதது. புதிதாகத் தொடங்குவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். சோதனை தோற்றது என்னும் செய்தி மட்டும் கையில் இருக்க, ஏன் தோற்றது என்று காட்டும் சான்று பொறியோடு புதைந்துபோகும். ஆகவே, தோற்ற பொறியை மட்டும் உடனே அழிக்காமல் சில நாள் வைத்திருப்பதும் நல்ல வழக்கம்.

உபுண்டு லினக்ஸைத் தொகுப்போர் தம் ஆயிரக்கணக்கான மென்பொருட் பொதிகளுக்கு இம்முறையையே பின்பற்றுகின்றனர். பொதி ஒன்று புதுப்பிக்கப்பட்டால், அதனை மட்டுமன்றி அதனைச் சார்ந்து நிற்கும் பிற பொதிகளையும் புதிய மெய்நிகர் பொறிகளில் நிறுவிச் சோதித்து, தேறினாலன்றிப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்த எந்நிரலுக்கும், பணி ஒன்றுக்குப் புதிய மெய்நிகர் பொறி ஒன்று என்ற கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஓப்பன் தமிழுக்குப் பயன்பட்ட டிராவிஸின் பொதுத்தளம் 2021 ஜூனில் மூடப்பட்டதை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். இலவசமாய்க் கிடைப்பது என்றும் நிலைக்கும் என்று எண்ணுதல் கூடாது. வினாவிடைகளைத் தம் தொகுப்பிலேயே வைத்துக்கொண்டோர்க்கு இடம் மாறுவது எளிதாயிற்று.

சோதியாமல் விட்டதன் விலை

2012 ஆகஸ்டு 1ஆம் நாள், நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்குவணிக நிறுவனம் ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டுக் கணிப்பொறிகளில் ஏற்ற வேண்டிய புதிய நிரலை ஏழில் ஏற்றி, ஒன்றில் ஏற்றாமல் விட்டுவிட்டனர். அவ்வொன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல், புதிய கட்டளையைத் தனக்கென்று கொண்டு விழித்தெழுந்தது. பால்சட்டியின் அடியிற் கிடந்த பழந்தயிருக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

2024 ஜூலை 19ஆம் நாளை நம் நாட்டவர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குக் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, விண்டோஸ் கணிப்பொறிகளை நீலத்திரையில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி வீழ்ந்தவை 85 இலட்சம். நம் விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். 78 நிமிடங்களில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றும், வீழ்ந்த பொறிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியதாயிற்று. நிறுவனமே பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே தரப்பட்டிருந்தன. கோப்புகளைச் சரிபார்க்கும் நிரலிலேயே பிழை இருந்தமையால் அது தேறிவிட்டது. அந்நிரலின்மேல் கொண்ட நம்பிக்கையாலும், மார்ச்சு மாதத்தில் நடந்த முந்தைய சோதனையின் வெற்றியாலும் கோப்பு உலகெங்கும் அனுப்பப்பட்டது. எறிந்துவிடத்தக்க விண்டோஸ் பொறி ஒன்றில் அக்கோப்பை இட்டு எழுப்பிப் பார்த்திருந்தால், அப்பொறி மட்டும் வீழ்ந்திருக்கும். மருத்துவமனையும் விமான நிலையமும் கணிப்பொறியை நம்பி நிற்கும் நாளில், சோதனை என்பது தொழில்நுட்பர்களின் உட்பூசல் அன்று. நம் எல்லோருடைய பாதுகாப்பு அது.

இம்முறையின் எல்லைகள்

ஒருமுறைக் கணிப்பொறி அனைத்தையும் காட்டிவிடும் என்று கூறுவோமாயின் அது மிகையாகும். அச்சுப்பொறியில் தமிழ் எழுத்து எவ்வாறு விழுகின்றது, மலிவான கைப்பேசியின் சிறுதிரையில் ஐகாரக்குறி தெளிவாகத் தெரிகின்றதா என்பனவற்றை மெய்யான கருவியிலேயே காண வேண்டும். மேலும், மக்களின் கணிப்பொறிகள் தூய்மையானவை அல்ல. பாமினி எழுத்துருவும், பழைய விசைப்பலகை மென்பொருளும், பாதியில் நின்றுபோன புதுப்பிப்புகளும் நிறைந்தவை அவை. தூய பொறியில் மட்டும் சோதிப்பவர், தூய பொறியில் மட்டும் ஓடும் மென்பொருளைச் செய்துவிடுவார். ஆகையால், வேண்டுமென்றே அழுக்கேற்றிய மூலக்கோப்புகள் சிலவற்றையும் வைத்திருப்பது அறிவுடைமை. முந்தைய பதிப்பு நிறுவப்பட்ட பொறி ஒன்று, பழைய எழுத்துருக்கள் நிறைந்த பொறி ஒன்று என அமைத்து, அவற்றின்மேலும் தாள் பரப்பிச் சோதித்து எறியலாம்.

நினைவகத்தோடு சேர்த்து உறைய வைத்த நிலையிலிருந்து எழுப்பப்படும் பொறிகளில் நுட்பமான இடர் ஒன்றுண்டு. எதேச்சை எண்களை உண்டாக்கும் நிரலின் நிலையும் அப்படியே உறைந்திருக்கும். ஒரே உறைவிலிருந்து எழுந்த இரு பொறிகள் ஒரே ‘எதேச்சை’ எண்ணைத் தரக்கூடும். மறைக்குறியீட்டு மென்பொருளைச் சோதிப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பொய்ப்பொறியின் சுவரும் உடைக்க இயலாத ஒன்றன்று. 2015 மே மாதத்தில் ‘வெனம்’ என்னும் பெயரோடு வெளிப்பட்ட குறை, எவரும் பயன்படுத்தாத மெய்நிகர் நெகிழ்வட்டு இயக்கியின் வழியே உள்ளிருப்பவர் வெளியேற வாய்ப்பளித்தது. மெய்யான நெகிழ்வட்டு மறைந்த பின்னும் அதன் பொய்யுருவம் தீங்கு செய்ய நின்றதை என்னென்பது!

2013இல் வெளிவந்த ‘டாக்கர்’ முதலிய கொள்கலன் முறைகள் இதனினும் விரைவானவை. ஆனால் அவை தமக்கென இயங்குதளக் கருவைக் கொண்டிருப்பதில்லை. மெய்ப்பொறியின் கருவையே பகிர்கின்றன. எழுத்துகளை எண்ணும் நிரலுக்கு அது போதும். விசைப்பலகை மென்பொருள் போன்று இயங்குதளத்தின் ஆழத்தில் பொருந்துவனவற்றிற்கு முழுப்பொறியே ஏற்றது.

ஒருமுறை தோற்று மறுமுறை வெல்லும் சோதனைகளைப் பற்றியும் ஒரு சொல். மீண்டும் ஓட்டிப் பார்த்தோம், தேறிவிட்டது என்று அவற்றை விட்டுவிடும் பழக்கம் பரவியுள்ளது. நாம் இதனை ஏற்பதற்கில்லை. எச்சமற்ற பொறியில் ஒரு சோதனை ஊசலாடுமாயின், குறை பெரும்பாலும் நிரலிலோ சோதனையிலோ இருக்கும். பழியைச் சட்டியின்மேல் போட இனி வழியில்லை.

நம் பகுதி மாணவர்க்கு

சங்கரன்கோவில் பக்கத்து வாசுதேவநல்லூரிலும், புளியங்குடி, கடையநல்லூர் என மதுரை–தென்காசிப் பெருவழியை ஒட்டிய பிற ஊர்களிலும் படித்த பிள்ளைகள், மென்பொருள் வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவதே முன்பு வழக்கமாயிருந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் அலுவலகம் நடத்திவருவதால், அவ்வேலை நம் வாயிலுக்கே வந்துள்ளது எனலாம். சோதனையாளர் பணி பட்டதாரிகள் பலர் இத்துறையுட் புகும் வாயிலாக இருந்துவருகின்றது. ஆயினும், திரையைப் பார்த்துப் பொத்தான்களை அழுத்திக் குறிப்பெழுதும் வேலைக்கு மதிப்பு குறைந்துவருகின்றது. சோதனையை நிரலாக எழுதி, பொறியை எழுப்பி அழிக்கத் தெரிந்தவர்களையே தேடுகின்றனர். தமிழ் இலக்கணமும் அறிந்த ஒருவர், எந்த எழுத்துச் சேர்க்கையில் மென்பொருள் இடறும் என்று முன்கூட்டியே உணர்வார். திருமறை வசனம் ஒன்றனைத் தமிழ் வரியின் நடுவே அரபியில் இட்டால், வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் செல்லும் இரு எழுத்துமுறைகள் ஒரே வரியில் சந்திக்கின்றன. நிறுத்தற்குறி தவறான முனையில் போய் நிற்பதும், அடைப்புக்குறி புரண்டுபோவதும் நம் சமுதாய இதழ்களை அச்சிடுவோர் அறிந்தவையே. அரபுத்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க முனைவோர்க்கு இது பெருந்தடை. இவற்றுக்கான சோதனை வினாக்களை எழுதத் தகுந்தவர், இரு எழுத்துகளையும் ஓதிப் பழகிய நம் மாணவரன்றி வேறு யாவர்?

கல்வி நிலையங்களுக்குக் கணிப்பொறி வழங்க முன்வரும் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதடையும் தறுவாயில் உள்ள பத்துப் பழைய பொறிகளினும், 16 ஜிகாபைட்டு நினைவகமும் மெய்நிகராக்க வசதியும் கொண்ட பொறி ஒன்று, சோதனை பயிலும் மாணவர்க்கு மிகுந்த பயன் தரும். அவ்வொன்றுக்குள் நான்கு பொறிகளை ஒருசேர எழுப்பலாம். மாணவர் எதைக் கெடுத்தாலும் மறுநொடியில் புதியது வரும். பழுதாக்கிவிடுவோமோ என்னும் அச்சத்தால் கணிப்பொறியைத் தொடவே தயங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நாம் கண்டிருக்கிறோம். கெடுத்தாலும் கெடாத பொறி அவர்கள் கையைத் திறந்துவிடும்.

தொடங்குவதற்குப் பெரும் முயற்சி வேண்டுவதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் தொழில்முறைப் பதிப்புகளில் ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ என்னும் வசதி 2019 முதல் உள்ளது. இல்லப் பதிப்பில் இல்லை. இல்லப் பதிப்பு உடையோர் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நாடலாம். சாண்ட்பாக்ஸைத் திறந்தால் தூய விண்டோஸ் ஒன்று எழும். மூடினால் உள்ளே செய்த அனைத்தும் அழியும். அதனுள் நீங்கள் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகை மென்பொருளை நிறுவி, ‘கொடை’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’, ‘தூஉம்’ ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் தட்டச்சுச் செய்து, பின்னோக்கி அழிக்கும் விசையை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள். ஓர் அழுத்தத்திற்கு ஓர் எழுத்து மறைகின்றதா, ஒரு குறி மட்டும் மறைகின்றதா என்று எழுதி வையுங்கள். சாளரத்தை மூடி, மீண்டும் திறந்து, வேறொரு விசைப்பலகை மென்பொருளைக் கொண்டு அதனையே செய்யுங்கள். இரு பட்டியல்களும் வேறுபடும் இடத்தில்தான் உங்கள் முதல் சோதனை நிரலை எழுத வேண்டும்.